கேட்டுக்கு வெளியே நின்று பார்த்த மைதானங்கள்

முதல் நாள்: சென்னையிலிருந்து டாக்கா

என் வரிசையில் எனக்கு இரண்டு பக்கமும் இருந்தவர்கள் மடியில் எக்ஸ்ரே கவர். சென்னை-டாக்கா விமானம் என்றால் இப்படித்தான். வேலூருக்கும் சென்னைக்கும் வைத்தியத்துக்கு வந்துவிட்டு ஊர் திரும்பும் குடும்பங்கள் நிறைய. ஜன்னலோரப் பெரியவர், என் இந்தி எந்த லட்சணம் என்று புரிந்துகொண்டு மெதுவாக ஒவ்வொரு வார்த்தையாகக் கேட்டார்: எதற்கு டாக்கா?

"ரஃபீக்குக்காக" என்றேன்.

"அவருக்கு என்ன உடம்பு?" என்றார் கவலையோடு.

உடம்புக்கு ஒன்றுமில்லை, முகமது ரஃபீக், ஸ்பின்னர் என்றதும் முகம் மலர்ந்துவிட்டது. இடது கையைத் தலைக்கு மேலே தூக்கி விரல்களை ஒரு முறுக்கு முறுக்கிக் காட்டினார். இதய ஆபரேஷன் முடிந்து திரும்புகிறவர், கையை அவ்வளவு உயரம் தூக்கலாமா என்று எனக்குத்தான் பயமாக இருந்தது.

ரஃபீக்கை மறந்துபோனவர்களுக்காக: வங்கதேசத்தின் முதல் டெஸ்டில் ஆடியவர், அந்த நாட்டில் முதலில் 100 டெஸ்ட் விக்கெட்டைத் தொட்டவர். 33 டெஸ்டில் சரியாக 100. ஒருநாள் ஆட்டங்களில் 125க்கு 125. இரண்டிலும் ஆயிரம் ரன்னுக்கு மேல். ஆனால் டெஸ்டில் ஒரு விக்கெட்டுக்கு அவர் கொடுத்த ரன் 40.76. இந்த எண்ணைப் பார்த்துவிட்டு "சுமார் ரகம்" என்று தள்ளிவிடுகிறவர்களோடு எனக்கு நெடுநாள் சண்டை. அந்தச் சண்டையை நேரிலேயே போய்ப் பார்த்துவிடலாம் என்றுதான் இந்தப் பயணம்.

விமான நிலையத்துக்கு வந்திருந்தவர் திருப்பூர்க்காரத் தம்பி ஒருவர். பனியன் தொழில் அவரை இங்கே கொண்டுவந்து பல வருஷம் ஆகிறது. உத்தராவில் வீடு. திட்டத்தைக் கேட்டுவிட்டுச் சிரித்தார். "மேட்ச் பார்க்க வந்தவங்களைப் பார்த்திருக்கேனுங்கண்ணா. மேட்சே இல்லாத கிரவுண்டைப் பார்க்க வந்த ஆள் நீங்கதான்."

நேற்றுதான் பிப்ரவரி 21, மொழிப்போர் தியாகிகள் நாள். தெருமுனைகளில் வாடிய சாமந்தி மாலைகள் இன்னும் கிடந்தன. நமக்கு ஜனவரி 25 போல.

இரண்டாம் நாள்: கிழவி கங்கை

வெள்ளிக்கிழமை. இங்கே வார விடுமுறை என்பதால் டாக்காவின் புகழ்பெற்ற டிராஃபிக் லீவில் இருந்தது. உத்தராவிலிருந்து பழைய டாக்காவின் சதர்காட் வரை காரில் வழுக்கிக்கொண்டு போனோம். இது தினமும் நடக்காது என்று தம்பி மூன்று முறை எச்சரித்தார்.

சதர்காட் படித்துறையில் பல மாடி லாஞ்சுகள் வரிசை கட்டி நிற்கின்றன. தெற்கே பரிசால் நகரம் பக்கம் போகிறவை. 2022இல் பத்மா பாலம் திறந்தபிறகு கூட்டம் குறைந்துவிட்டதாம். எனக்கு இது குறைந்த கூட்டமாகத் தெரியவில்லை. ஆற்றின் பெயர் புரிகங்கா. "கிழவி கங்கை" என்று பொருள் கொள்ளலாம். தண்ணீர் மசி மாதிரி. தோல் பதனிடும் ஆலைகளை 2017இல் நகரத்தை விட்டு சாவார் பக்கம் மாற்றியும் கிழவிக்கு நிறம் திரும்பவில்லை. வாணியம்பாடி, ராணிப்பேட்டைக்காரர்களுக்கு இந்த வாசனையை நான் விவரிக்க வேண்டியதில்லை.

லாஞ்சுகளுக்கு நடுவே சின்னச் சின்ன மரப் படகுகள் ஆளை ஏற்றிக்கொண்டு அக்கரைக்கும் இக்கரைக்கும் ஓடிக்கொண்டே இருக்கின்றன. ஒன்றில் ஏறினோம். ஒரு லாஞ்ச் ஹாரன் அடித்துக்கொண்டு நேராக எங்கள் மேலேயே வந்தது. படகுக்காரர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான் மட்டும் கண்ணை மூடிக்கொண்டேன்.

அக்கரை கேரானிகஞ்ச். அதில் ஜின்ஜிரா என்ற பகுதி. தெருவுக்குத் தெரு லேத்துப் பட்டறைகள். எந்தப் பொருளைக் கொண்டுபோய்க் கொடுத்தாலும் அச்சு அசலாக நகல் எடுத்துக் கொடுப்பார்கள் என்று பெயர். நாம் "பர்மா பஜார் சரக்கு" என்று சொல்கிற அதே தொனியில் டாக்காவில் "ஜின்ஜிரா சரக்கு" என்பார்களாம். ரஃபீக் இந்தக் கரையில் வளர்ந்த பையன். ஒழுங்கான கிரிக்கெட் என்றால் ஆற்றைத் தாண்டி டாக்காவுக்குத்தான் போக வேண்டும்.

தொடக்கத்தில் அவர் ஸ்பின்னரே இல்லை. இடது கை மித வேகம். வங்கதேச விமான நிறுவனமான பிமானின் அணியில் ஆடும்போது, கூட ஆடிய பாகிஸ்தான்காரர் வசீம் ஹைதர்தான் சுழலுக்கு மாறச் சொன்னார். வேகம் போட்ட கை சுழலுக்கு வரும்போது பழைய பழக்கம் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வரும். ரஃபீக்கின் பந்தில் அது கடைசிவரை இருந்தது. மேலே தூக்கிப்போட்டு ஆசை காட்டுகிற ரகமல்ல. தட்டையாக, விறுவிறுவென்று, ஒரே இடத்தில் குத்தும். வலது கை ஆட்டக்காரருக்கு வெளியே போகும் பந்து ஐந்து போட்டுவிட்டு, ஆறாவதாகத் திரும்பாமல் நேரே உள்ளே வரும் பந்து. ஆர்ம் பால். அவருடைய எல்பிடபிள்யூ முறையீடுகளுக்கெல்லாம் பிழைப்பு அதுதான்.

டீக்கடையில் உட்கார்ந்தோம். டாக்காவில் டீக்கடைக்காரரை எல்லோரும் "மாமா" என்றுதான் கூப்பிடுகிறார்கள். ரிக்‌ஷாக்காரரும் மாமா. வங்காளத்திலும் அம்மாவின் தம்பிக்கு அதே பெயர்தான். "மாமா, ஒரு டீ" என்று நான் தமிழிலேயே சொன்னேன், வந்துவிட்டது. ரஃபீக் பெயரை எடுத்ததும் கடையில் நாலு பேர் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். தம்பி மொழிபெயர்க்கத் திணறினார்.

கதை இதுதான். 1997 ஏப்ரலில் கோலாலம்பூரில், டெஸ்ட் அந்தஸ்து இல்லாத நாடுகளுக்கான ஐசிசி டிராஃபியின் இறுதி ஆட்டம், கென்யாவோடு. கென்யா 241, ஸ்டீவ் டிக்கோலோ மட்டும் 147. மழை வந்து, 25 ஓவரில் 166 என்று இலக்கு மாறியது. ரஃபீக்கைத் தொடக்க ஆட்டக்காரராக அனுப்பினார்கள், அடித்துவிட்டு வா என்று. கடைசிப் பந்தில், இரண்டு விக்கெட் மீதம் வைத்து வென்றார்கள். நாடே தெருவுக்கு வந்து சாயம் பூசிக்கொண்டது. அரசாங்கம் ஆட்டக்காரர்களுக்கு நிலம் தந்தது. ரஃபீக் தன் பங்கைப் பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்துவிட்டார் என்கிறார்கள். உனக்கு என்ன வேண்டும் என்று பிரதமர் கேட்டபோது, எங்கள் ஆற்றுக்கு ஒரு பாலம் என்றாராம். டீக்கடை மாமா கையை நீட்டி பாபுபஜார் பாலத்தைக் காட்டினார். பாலம் அவர் கேட்டதால் மட்டும் வந்திருக்குமா? பொதுப்பணித் துறையைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்தவன் என்ற முறையில் எனக்குச் சந்தேகம் உண்டு. அதைச் சொன்னால் டீ கிடைக்காது என்பதால் சொல்லவில்லை. திரும்பும்போது பாலத்தில் நடந்தே வந்தோம்.

மூன்றாம் நாள்: தேசிய மைதானம்

உத்தராவிலிருந்து மோத்திஜீலுக்கு மெட்ரோ வந்துவிட்டது. முன்பெல்லாம் சாலையில் இரண்டு மூன்று மணி நேரம் தின்ற தூரம். மோத்திஜீலில் இறங்கி தேசிய மைதானத்துக்கு நடந்தேன். தூரத்திலிருந்து பார்த்தால் மைதானம் என்றே தோன்றாது. சுற்றிலும் கேலரிக்கு அடியில் டிவி, ஃபிரிட்ஜ், ஸ்பீக்கர் விற்கும் கடைகள். நம் ரிச்சி தெருவை வட்டமாக வளைத்து மேலே இருக்கை போட்டது போல.

உள்ளே விடவில்லை. மராமத்து வேலை நடந்துகொண்டிருந்தது. கிரிக்கெட், டாக்காவிலேயே மிர்பூரில் இருக்கும் மைதானத்துக்குப் போய்விட்டது. இப்போது இது கால்பந்துக்கு. செக்யூரிட்டிக்காரரிடம் இந்தி, ஆங்கிலம், கடைசியில் "மாமா" எல்லாம் போட்டுப் பார்த்தேன். தகரத் தடுப்பில் இருந்த ஓட்டை வழியாகக் கொஞ்சம் மண்ணும் ஒரு கலவை இயந்திரமும் தெரிந்தன. சரி, அதுவே போதும்.

2000 நவம்பர் 10, இங்கேதான் வங்கதேசத்தின் முதல் டெஸ்ட். எதிரே இந்தியா. கங்குலிக்குக் கேப்டனாக முதல் டெஸ்ட், நம்ம சடகோபன் ரமேஷும் அந்த அணியில் உண்டு. அமினுல் இஸ்லாம் 145 அடிக்க, புது அணி 400 ரன் எடுத்துவிட்டது. அப்புறம் ரஃபீக் 51 ஓவர் போட்டார். ஐம்பத்தொன்று. 117 ரன்னுக்கு 3 விக்கெட். கேப்டன் நயிமுர் ரஹ்மான் ஆஃப் ஸ்பின்னில் 6 எடுத்தார். இந்தியா 429. இதுவரைக்கும் யாருக்கும் வெட்கமில்லை. இரண்டாவது இன்னிங்ஸில் வங்கதேசம் 91க்கு ஆல் அவுட். இந்தியா ஜெயிக்க 63 ரன் போதும். 51 ஓவர் கை வலிக்கப் போட்டவருக்கு, கடைசி நாட்களில் உடைந்து திரும்பும் ஆடுகளம் கிடைக்கவில்லை. காக்க ஸ்கோரே இல்லையே.

என் சண்டையின் முழு வழக்கும் இவ்வளவுதான். ஸ்பின்னரின் அறுவடை, ஆடுகளம் உடைந்தபிறகு கடைசியாக வரும் நாலாவது இன்னிங்ஸில். புது அணிக்கு நாலாவது இன்னிங்ஸே வராது. எதிரணி ஒரு முறை ஆடி ஐநூறு, அறுநூறு என்று குவித்துவிட்டு டிக்ளேர் செய்யும். நம் ஆள் முதல் இரண்டு நாள் சிமெண்ட் தரையில் போட்டுவிட்டு, பிறகு பேடைக் கட்டிக்கொண்டு ஆட வர வேண்டும். ரஃபீக் ஆடிய 33 டெஸ்டில் அவருக்குப் பந்து வீசக் கிடைத்தவை 48 இன்னிங்ஸ்தான். ஆட்டத்துக்கு இரண்டு என்ற கணக்குப்படி 66 இருந்திருக்க வேண்டும். அந்தக் கிடைக்காத 18இல் பெரும்பாலானவை நாலாவது இன்னிங்ஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் 40.76 பற்றிப் பேசலாம்.

தடுப்போரம் நின்றபோது இன்னொரு இடது கை ஸ்பின்னர் ஞாபகம் வந்தார். 1955 ஜனவரி 1, பாகிஸ்தான் தன் மண்ணில் ஆடிய முதல் டெஸ்டும் இதே மைதானத்தில்தான். அப்போது இது கிழக்கு பாகிஸ்தான். எதிரே இந்தியா. கேப்டன் வினு மன்கட். அதற்கு மூன்று வருஷம் முன்பு, 1952 பிப்ரவரியில், இந்தியாவின் முதல் டெஸ்ட் வெற்றியைச் சேப்பாக்கத்தில் கொண்டுவந்து கொடுத்தவர். முதல் இன்னிங்ஸில் 8, இரண்டாவதில் 4. இந்தியா டெஸ்ட் ஆட ஆரம்பித்து இருபது வருஷம் கழித்துதான் அந்த வெற்றி. புது அணிகள் முதல் வெற்றிக்குக் காத்திருப்பதைப் பற்றிச் சென்னைக்காரன் கேலி பேசக் கூடாது.

மன்கட் பெயர் இன்று அதற்காக ஞாபகம் வருவதில்லை. 1947 டிசம்பரில் சிட்னியில், பந்து போடுவதற்குள் கோட்டைத் தாண்டி நகர்ந்த பில் பிரவுனை ரன் அவுட் செய்ததற்காகத்தான். ரஃபீக் கதையும் அங்கே போய் முட்டுகிறது.

2003 செப்டம்பர், பாகிஸ்தானின் முல்தான். முதல் இன்னிங்ஸில் ரஃபீக் 36 ரன்னுக்கு 5, பாகிஸ்தான் 175க்கு ஆல் அவுட். அபூர்வமாக நாலாவது இன்னிங்ஸும் கிடைத்தது. இலக்கு 261. பாகிஸ்தான் பக்கம் பாக்கி இருந்தவர் இன்சமாம் ஒருவர்தான். எதிர்முனையில் கடைநிலை ஆட்டக்காரர் உமர் குல். பந்து போட ஓடி வந்த ரஃபீக், குல் கோட்டை விட்டு வெகுதூரம் வெளியே நிற்பதைப் பார்த்தார். நின்றார். ஸ்டம்பைத் தட்டவில்லை, எச்சரித்துவிட்டுத் திரும்பிப் போனார். இன்சமாம் ஆட்டமிழக்காமல் 138 எடுத்தார். பாகிஸ்தான் ஒரு விக்கெட்டில் வென்றது.

2019இல் அஸ்வின் ஜாஸ் பட்லரை இதே மாதிரி அவுட்டாக்கியபோது நான் அஸ்வின் பக்கம். இப்போதும் அந்தப் பக்கம்தான். விதி இருக்கிறது, கோட்டுக்குள் நிற்பது ஆட்டக்காரரின் பொறுப்பு. ஆனால் முல்தான் வீடியோவைப் பார்க்கும்போது மட்டும் எனக்கு ரஃபீக் மேல் கோபம் வருவதில்லை. இதில் நியாயம் இல்லை, தெரியும்.

நாலாம் நாள்: ஃபதுல்லா

இன்றைக்கு அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. டாக்காவிலிருந்து நாராயண்கஞ்ச் போகும் வழியில் ஃபதுல்லா. செங்கல், லாரி, தூசி. நாராயண்கஞ்ச் பின்னலாடை ஊர் என்பதால் தம்பிக்கு வழியெல்லாம் தெரிந்த முகங்கள். திருப்பூருக்கு வந்துவிட்டதாக நினைத்துக்கொண்டு இரண்டு இடத்தில் நிறுத்தி விலை பேசினார்.

கான் சாகேப் உஸ்மான் அலி மைதானம் தாழ்வான இடத்தில் இருக்கிறது. மழைக்காலத்தில் தண்ணீர் தேங்கித் தேங்கி பாழாகிவிட்டது. சுற்றுச்சுவருக்கு வெளியே பாசி படிந்த குட்டைகள். கேட் பூட்டு. கேட்பதற்குக்கூட ஆள் இல்லை.

2006 ஏப்ரலில் ஆஸ்திரேலியாவை இங்கே ஓட ஓட விரட்டினார்கள். வங்கதேசம் 427, ஷஹரியார் நஃபீஸ் 138. ஆஸ்திரேலியா 6 விக்கெட்டுக்கு 93 என்று நின்றது. கில்கிறிஸ்ட் 144 அடித்து மானத்தைக் காப்பாற்றினார். ரஃபீக் 62க்கு 5. இரண்டாவது இன்னிங்ஸில், 307 ரன் இலக்கைக் காக்கும்போது, 98க்கு 4. பான்டிங் ஆட்டமிழக்காமல் 118 எடுத்து 3 விக்கெட்டில் தப்பித்தார். நாலாவது இன்னிங்ஸும் காக்க ஒரு ஸ்கோரும் கொடுத்தால் ரஃபீக் யார் என்பதற்கு இந்த ஒரு ஆட்டம் போதும்: 160க்கு 9, அதுவும் வார்ன் ஆடிய அதே ஆட்டத்தில்.

இரவு ஷப்-ஏ-பராத், முஸ்லிம்கள் விழித்திருந்து தொழும் இரவு. பக்கத்து வீட்டு அம்மா தட்டில் பூட் ஹல்வாவும் ரொட்டியும் கொடுத்தனுப்பினார். கடலைப்பருப்பில் செய்வது, நம் வீட்டுப் பூரணம் கொஞ்சம் கெட்டியானால் எப்படியோ அப்படி. நான் நாலு துண்டு.

ஐந்தாம் நாள்: சிட்டகாங்

காலை ஏழு மணி ரயில், கமலாபூரிலிருந்து. டிக்கெட்டுக்குத் தம்பி யாரையோ பிடித்து, அவர் யாரையோ பிடித்து, கடைசியில் கிடைத்தது. பைரப் பாலத்தில் மேக்னா ஆற்றைக் கடக்கும்போது பெட்டியில் எல்லோரும் பேச்சை நிறுத்தினார்கள், அவ்வளவு அகலம். சீதாகுண்ட் பக்கம் மலை தெரிய ஆரம்பித்தால் சிட்டகாங் வந்துவிட்டது என்று அர்த்தம். ஊருக்குள் நுழைந்ததும் கருவாட்டு வாசனை. சுட்கி என்கிறார்கள். மத்தியானம் ஒரு சின்ன ஓட்டலில் சுட்கிக் குழம்பு, எண்ணெயும் காரமும் மிதக்க மிதக்க. எங்கள் ஆத்தா வைத்த குழம்புக்கு இரண்டு படி கீழே, மற்ற எல்லாவற்றுக்கும் மேலே.

எம்.ஏ. அஜீஸ் மைதானம் ஊர் நடுவில். இங்கே மட்டும் கேட் திறந்திருந்தது. உள்ளூர்ப் பையன்கள் கால்பந்துப் பயிற்சி. யாரும் என்னை எதுவும் கேட்கவில்லை. நேராக உள்ளே போய்ப் புல்லில் உட்கார்ந்தேன். ஐந்து நாளில் முதல் புல்.

முல்தானுக்குப் பதினாறு மாதம் கழித்து, 2005 ஜனவரி 10 அன்று, இங்கேதான் வங்கதேசம் முதல் டெஸ்டை வென்றது. அவர்களுடைய 35ஆவது டெஸ்ட். எதிரே ஜிம்பாப்வே. 226 ரன் வித்தியாசம். ரஃபீக் முதல் இன்னிங்ஸில் 5 விக்கெட் எடுத்தார், பேட்டிலும் 69. ஆனால் கடைசி நாளில் உடைந்த ஆடுகளத்தில் எதிரணியைச் சுருட்டியவர் அவரல்ல. எனாமுல் ஹக் ஜூனியர், 18 வயசு, அவரும் இடது கை ஸ்பின்னர்: 45க்கு 6. ரஃபீக்குக்கு அப்போது 34. அபூர்வமாக வருகிற நாலாவது இன்னிங்ஸ் வந்த நாளில், அதைத் தின்றது பக்கத்து முனையிலிருந்த பையன். அதற்கப்புறம் அப்துர் ரசாக், ஷாகிப், தைஜுல் என்று இடது கைக்காரர்கள் வரிசையாக வந்துகொண்டே இருந்தார்கள்.

2007 உலகக் கோப்பையில் போர்ட் ஆஃப் ஸ்பெயினில் இந்தியா 191க்குச் சுருண்டதை இங்கே எழுதப் போவதில்லை. ரஃபீக் 35க்கு 3. அவ்வளவு போதும்.

சாயங்காலம் சி.என்.ஜி. ஆட்டோ பிடித்து சாகரிகா. கடலுக்குப் பக்கத்தில் இருக்கும் புது மைதானம். ரஃபீக்கின் கடைசி டெஸ்ட் இங்கே, 2008 பிப்ரவரி-மார்ச், தென்னாப்பிரிக்காவோடு. இதுதான் கடைசித் தொடர் என்று முன்பே சொல்லிவிட்டார். கிரீம் ஸ்மித்தும் நீல் மெக்கென்சியும் முதல் விக்கெட்டுக்கு 415 ரன் சேர்த்தார்கள். ஆளுக்கு ஒரு இரட்டைச் சதம். அதற்கு நடுவிலும் போட்டுக்கொண்டே இருந்து, ராபின் பீட்டர்சனை எடுத்தபோது 100. தென்னாப்பிரிக்கா ஒரே ஒரு முறைதான் ஆடியது, இன்னிங்ஸ் வெற்றி. கடைசி டெஸ்டிலும் நாலாவது இன்னிங்ஸ் கிடையாது.

கேட்டில் ஒரு வயசான காவலாளி. போன வாரம்வரை இங்கே பி.பி.எல். (நம் ஐ.பி.எல். மாதிரி) ஆட்டங்கள் நடந்தனவாம், இப்போது மூடியாச்சு. ஆட்டோக்காரர் மொழிபெயர்க்க, நான் அந்த டெஸ்டைப் பற்றிக் கேட்டேன். அவர் அப்போதே இந்தப் பக்கம்தானாம். நூறாவது விக்கெட் ஞாபகம் இருக்கிறதா?

கொஞ்ச நேரம் யோசித்தார். விக்கெட் ஞாபகமில்லை, முதல் நாள் முழுக்க விக்கெட்டே விழாதது மட்டும் நன்றாக ஞாபகமிருக்கிறது என்றார்.

தம்பி போனில் கூப்பிட்டார். "பார்த்தாச்சுங்களாண்ணா?"

"கேட்டைப் பார்த்தாச்சு."

"அதுக்குத்தான் வந்தீங்க, விடுங்க. ராத்திரி பஸ்ஸுக்கு வந்துருங்க. நாளைக்குப் போறப்ப அந்த ஹல்வாவைக் கட்டித் தரேன்னு பக்கத்து வீட்டம்மா சொல்லுது."